வெள்ளையாக, உருண்டையாக, மேலே பச்சையாக

வேளச்சேரி,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய நாத்தனார் குப்பம்மா அக்கா அவர்களுக்கு, தங்கள் தம்பி சடையனின் பெண்டாட்டி லோகு கும்பிடு போட்டு எழுதிக்கொண்டது. சதுரங்கப்பட்டினத்தில் தாங்களும் தங்கள் முழங்காலும் வெள்ளாடுகளும் சுகம்தானே? இங்கே வயிறு ஒன்றைத் தவிர நான் சுகம்.

தாங்கள் தாங்கள் என்று எழுதக் கை வரவில்லை அக்கா, நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. லோகு எதற்குக் கடுதாசி எழுதுகிறாள், போன் கெட்டுப்போச்சா என்று கேட்பாய். போன் நன்றாகத்தான் இருக்கிறது. போனில் நான் "அக்கா" என்று வாயைத் திறப்பதற்குள் நீ பேச ஆரம்பித்துவிடுகிறாய், நீ முடிக்கும்போது எனக்குக் காது சுட்டு, சொல்ல வந்ததே மறந்துவிடுகிறது. கடுதாசியில் குறுக்கே பேச முடியாது பார். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தது இதற்காவது ஆகட்டும். பக்கத்து வீட்டு அனுவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல். அவள் சிரிக்காமல் படிக்க வேண்டும், நீ முடியும்வரை திட்டாமல் கேட்க வேண்டும், இரண்டும் நடக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

புருஷன் செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, மகள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஓட்டல் ஓட்டலாகத் தின்கிறாள் என்று குப்பத்தில் பேசுகிறார்களாமே. பேசட்டும். ஆனால் என்னை அனுப்பி வைத்தது நீதான் என்பதையும் அவர்களிடம் சொல். பதினாறாம் நாள் காரியத்தன்று இலை போட்டு, சோறு, வஞ்சிரக் குழம்பு, நெத்திலி வறுவல், அவித்த முட்டை, அவருடைய பீடிக்கட்டு, அந்தப் பாட்டில் எல்லாம் வைத்துப் படைத்துவிட்டு, மாடிச் சுவரில் சோற்றை வைத்துக் கா கா என்று கூப்பிட்டோமே, ஒரு காக்கா வந்ததா? நம் குப்பத்தில், குழந்தை கையில் இருக்கிற மீனைப் பிடுங்கிக்கொண்டு போகிற காக்கா, அன்றைக்கு ஒன்றுகூட வந்து உட்காரவில்லை. ஆம்பளைகள் கத்தினார்கள், பொம்பளைகள் கத்தினோம், உச்சி வெயில் வந்து சோறு காய்ந்து போயிற்று. முப்பதாம் நாளும் அப்படியே. அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் அவர் கேட்டதை உன்னிடம் உளறிவிட்டேன். உடனே நீ அத்தனை பேர் நடுவில் மார்பில் அடித்துக்கொண்டு, "பாத்தியாடி லோகு, எந்தம்பி ஆசையோட பூட்டான், அதான் சோறு வாணான்றான், அவன் கேட்டத கண்டுபுடிச்சி படைக்கிற வரைக்கும் இங்கதான் சுத்திக்கினு கெடப்பான்" என்று சொல்லிவிட்டாய். ஆடி அமாவாசைக்குள் அது என்னவென்று கண்டுபிடித்துக் கொண்டுவா என்று மறுநாளே என்னை பஸ் ஏற்றினாய். அமாவாசை வருகிற வியாழக்கிழமை. அதற்காகத்தான் இந்தக் கடுதாசி.

அவர் கேட்டது இவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலில் பாலசுப்ரமணியன் என்று ஒருவர் இருந்தார், ரிட்டயர் ஆன கிளார்க்கு. குடலில் ஆபரேஷன் செய்து வாய்க்கு ஒன்றும் தரக் கூடாது என்று சொல்லிவிட்டதால், மனுஷன் பொழுது விடிந்து பொழுது போகிறவரை போனில் சமையல் படமும் ஓட்டல் படமுமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு நம் வீட்டுக்காரர் தலையைத் திருப்பி அதைப் பார்த்துவிட்டு, கையை நீட்டிக் காட்டி, "லோகு, அத ஒரு வாட்டி துன்னு பாக்கணும்டி" என்றார். கண்ணாடியை நான் ஊரிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். எனக்குத் தெரிந்தது, கறுப்புத் தட்டில் வெள்ளையாக, உருண்டையாக, மேலே பச்சையாக ஏதோ ஒன்று, சுற்றிலும் புகை. அதற்குள் படம் மாறிவிட்டது. இந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு பட்டணத்தில் ஒரு பலகாரத்தைக் கண்டுபிடி என்றால், கடலில் விழுந்த மூக்குத்தியைத் தேடச் சொன்ன மாதிரி இருக்கிறது.

அந்த பாலசுப்ரமணியனையே கேட்டால் என்ன என்று நீ கேட்பாய். கேட்காமலா இருப்போம்? மகள் ஷீலா எப்படியோ அவர் நம்பரைப் பிடித்துப் பேசினாள். மனுஷன் நன்றாகத் தேறிவிட்டார், நன்றாகச் சாப்பிடுகிறார். "ஒரு நாளைக்கு நூறு வீடியோ பாப்பேன்மா, நீங்க எதக் கேக்கறீங்க? வெள்ளைன்னா வெள்ளையிலயே ஆயிரம் கீதே" என்று சொல்லிவிட்டு, பாவம், ஞாபகத்துக்கு வந்ததையெல்லாம் அனுப்பிவைத்தார். நாற்பத்திமூன்று படம். நான் முழுதும் பார்த்தேன். இப்போது சீனாக்காரன் நூடுல்ஸை எப்படி இழுக்கிறான் என்று என்னைக் கேள், சொல்லுவேன்.

என் மாப்பிள்ளை ஹரிஹரனை உனக்குத் தெரியும். திருப்போரூர்ப் பையன், ஆபீஸ் வேலை, தங்கமானவர், ஒரு கெட்ட பழக்கம் இல்லை. ஆனால் சனி ஞாயிறு வந்தால் சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள் பார், அந்த மாதிரி இவர் ஓட்டல் ஓட்டலாகப் போவார். சாப்பிட்டுவிட்டு அந்த ஓட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று போனில் போடுவார். இப்படிப்பட்டவரிடம் போய் ஷீலா என் கஷ்டத்தைச் சொன்னதும் அவர் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. "கவலைய விடுங்க அத்தை, மாமா கேட்டது எதுன்னு கண்டுபிடிச்சுக் கொடுக்கறது என் பொறுப்பு" என்று, பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, வெள்ளை, உருண்டை, பச்சை, புகை என்று நான்கு வார்த்தை எழுதினார். போலீஸ்காரன் திருடன் அடையாளம் எழுதுகிற மாதிரி.

அன்றைக்குப் பிடித்தது சனி. நான் முதலிலேயே சொன்னேன் அக்கா, இட்லியாக இருக்குமோ என்று. ஷீலா என்மேல் பாய்ந்தாள். "யம்மா, நைனா பொறந்ததிலிருந்து இட்லி துன்னாரு, அத ஒரு வாட்டி துன்னு பாக்கணும்னு எவனாச்சும் சொல்வானா?" அதுவும் சரிதான் என்று வாயை மூடிக்கொண்டேன். முதலில் மோமோ என்று ஒன்று. வெள்ளை, ஆவி வருகிறது, உருண்டை என்றும் சொல்லலாம். ஒரு ஓட்டலில் உட்கார வைத்து, மூங்கில் பெட்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். கொழுக்கட்டை அக்கா. உள்ளே பூரணத்துக்குப் பதில் முட்டைகோஸ். பிள்ளையாருக்குக் கோபம் வருகிற மாதிரி ஒரு கொழுக்கட்டை. அதன்மேல் பச்சை எங்கே என்று கேட்டேன், பரிமாறுகிற பிள்ளை உள்ளே ஓடிப்போய் வெங்காயத்தாளை நறுக்கி எடுத்துவந்து தூவினான். நாம் அடையாளம் சொல்லச் சொல்ல அதற்கேற்ற மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்தால் அது எப்படி அவர் கேட்டதாகும்?

அடுத்த வாரம் ஒரு ஓட்டல், உள்ளே ஒரே இருட்டு. கரண்டு போயிருக்கிறது, வேறு இடம் போகலாம் என்றேன். கரண்டு இருக்கிறதாம், அப்படித்தான் வைப்பார்களாம். பக்கத்து மேஜைக்காரர்கள் போன் வெளிச்சத்தில் என்ன சாப்பிடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இருட்டில் ஒருவன் கறுப்புத் தட்டில் கறுப்பாக எதையோ கொண்டுவந்து வைத்தான். தொட்டுப் பார்த்து மீன் என்று கண்டுபிடித்தேன். முகர்ந்து பார்த்து ஐஸில் ஆறு நாள் கிடந்தது என்று கண்டுபிடித்தேன். அதைச் சொன்னதுக்கு, தலையில் வெள்ளைக் குல்லாய் போட்ட சமையல்காரரே வெளியில் வந்து, "எப்படிம்மா சொல்றீங்க?" என்றார். "முப்பத்தஞ்சு வருசமா கூடையில தூக்கி வித்துக்கினு கீறேன் நைனா, மீனு எங்கிட்ட பொய் சொல்லாது" என்றேன். மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்து நாள்தான் அம்மா என்று ஒத்துக்கொண்டார். நல்லவர். ஆனால் என் காரியம் ஆகவில்லையே.

அதற்கப்புறம்தான் அந்தப் புகை ஓட்டல். இதைப் படிக்கும்போது அனுவை மெதுவாகப் படிக்கச் சொல். கடைசியில் இனிப்பு என்று ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து, பரிமாறுகிறவன் ஒரு கெண்டியிலிருந்து எதையோ ஊற்றினான். குபுகுபுவென்று புகை. மேஜை முழுக்கப் புகை. துணிவிரிப்பில் பிடித்துக்கொண்டால் என்ன ஆவது? நான் குப்பத்தில் இரண்டு தடவை கூரை எரிந்து பார்த்தவள். பக்கத்தில் இருந்த தண்ணீர் ஜக்கை எடுத்து ஒரே ஊற்றாக ஊற்றினேன். தண்ணீர் பட்டால் எந்த நெருப்பும் அடங்கும், நாய்க்குக்கூடத் தெரியும். இந்தப் புகை தண்ணீரைக் கண்டதும் பத்து மடங்காகக் கிளம்பியது அக்கா! மேஜையைத் தாண்டி, தரையில் இறங்கி, அடுத்த மேஜைக்குப் போய், அங்கே பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தவர்களை மூடிவிட்டது. யாரோ "ஃபயர்" என்று கத்தினார்கள். நாற்காலி உருளுகிறது, குழந்தைகள் அழுகிறது, "மேடம், அது ஐஸ் மேடம், வெறும் ஐஸ்" என்று பரிமாறுகிறவன் புகைக்குள்ளிருந்து கெஞ்சுகிறான். "ஐஸ்லேருந்து எப்டிடா பொகை வரும், யாருகிட்ட கதை வுடற?" என்று நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. புகை அடங்கியதும் பார்த்தால், கிண்ணத்தில் வெள்ளையாக, உருண்டையாக, மேலே புதினா இலை. நாலு அடையாளமும் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை எழுந்து நின்று, "அத்தை, கிடைச்சிடுச்சு!" என்று கத்தினார். மற்ற எல்லாரும் வாசலில் நிற்கிறார்கள்.

நான் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன். இளநீரில் செய்த ஐஸ்கிரீம். பல்லில் ஏறி நடுமண்டையில் அடித்தது. அக்கா, உன் தம்பி பானைத் தண்ணீரைக்கூட வெயிலில் வைத்துவிட்டுக் குடிக்கிறவர். சாகிற நேரத்தில் ஐஸ்கிரீமுக்கு ஆசைப்பட்டிருப்பாரா? பட்டிருக்கலாம். படாமலும் இருந்திருக்கலாம். எனக்கு என்ன தெரியும்? அதுதான் என் ஆற்றாமை.

சரி, மனுஷனுக்குத்தானே தெரியவில்லை, காக்காவையே கேட்டுவிடுவோம் என்று ஒரு யோசனை செய்தேன். எந்தப் பலகாரத்தை வைத்தால் காக்கா எடுக்கிறதோ அதுதான் அவர் கேட்டது. ஷீலா குடியிருக்கிற அடுக்குமாடியின் மொட்டை மாடியில் இலையைப் போட்டு, மோமோ, பனீர், வெள்ளைப் பணியாரம், பார்சலில் வந்த இன்னும் ஏழெட்டு வகை, எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். நான் கா என்று கூப்பிடக்கூட இல்லை. நாற்பது காக்கா வந்தது. எல்லாவற்றையும் தின்றது. இலையைத் தின்றது. மாப்பிள்ளை வைத்துவிட்டுப் போன தக்காளிச் சாஸ் பொட்டலத்தைப் பிய்த்துத் தின்றது. பட்டணத்துக் காக்காவுக்கு ஆசை, ஆசையில்லை என்ற பேதமே கிடையாது. மறுநாள் அறுபது வந்தது. மூன்றாம் நாள், கீழே நிற்கிற கார்களெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகி, குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ஞானம்பாள் அம்மா மாடி ஏறி வந்துவிட்டார். "ஏம்மா, நீங்க மாடியில ரெஸ்டாரண்ட் நடத்தறீங்களா? இந்தக் காக்கா எல்லாம் யாரு, உங்க சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். "அதத்தாம்மா நானும் பாத்துக்கினு கீறேன்" என்றேன். அந்த அம்மா விடுவிடுவென்று இறங்கிப் போய், வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். மாடியில் பறவைகளுக்கு உணவிடக் கூடாது. ஷீலா மூன்று நாள் லிப்டில் போகாமல் படியில் இறங்கினாள்.

போன வாரம் உணவுத் திருவிழா. கடற்கரைப் பக்கம் ஒரு மைதானத்தில் நூற்றைம்பது கடை. உள்ளே போகக் கையில் பட்டை கட்டுகிறார்கள், பிரசவ வார்டில் குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி. நூற்றைம்பது கடையில் ஒன்றிலாவது இருக்காதா என்று மாப்பிள்ளை என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறார். ஒரு கடையில் ஓலைக் குடிசை போட்டு, வலையைத் தொங்கவிட்டு, கைலி கட்டிய ஒருத்தன், "மாமல்லபுரம் மீன், இன்னிக்குக் காலையில பிடிச்சது" என்று கூவிக்கொண்டிருந்தான். நம் பக்கத்து ஊர்ப்பேரைக் கேட்டதும் கால் நின்றுவிட்டது. சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். "அம்மா, டச் பண்ணாதீங்க" என்றான். "முந்தாநேத்துலேருந்து கடல் பொங்கிக்கினு கீது, ஒரு போட்டும் எறங்கல, நீ எந்தக் கடல்லடா காலையில புடிச்ச?" என்றேன். உனக்குத்தான் என் தொண்டை தெரியுமே. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு வரிசையே இல்லை. அவன் சண்டைக்கு வருவதற்குள், மைக் வைத்திருந்த ஒரு பெண் ஓடிவந்து, "சூப்பர் பாட்டி, வாங்க, எங்க ஜட்ஜ் ஒருத்தர் வரல" என்று என்னை மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், மாப்பிள்ளை கை தட்டுகிறார்.

பதினான்கு தட்டு. சமையல் போட்டியாம். நான் ஜட்ஜாம். எட்டாவது தட்டைத் திறந்தால் வெள்ளையாக, உருண்டையாக, மேலே பச்சையாக. எடுத்து வாயில் போட்டேன். தயிர்வடை. இங்கிலீஷில் ஏதோ நீளமாகப் பேர் வைத்திருந்தார்கள், ஆனால் தயிர்வடை. இவ்வளவுதானா, இந்தத் தயிர்வடையையா கேட்டார், ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடையிலேயே இருந்ததே, ஓடிப்போய் வாங்கி வந்திருக்கலாமே என்று நினைத்ததும் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. மேடையில், அத்தனை பேர் முன்னால், தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மைக்குக்காரி, "அம்மா டேஸ்ட்ல உருகிட்டாங்க!" என்று கத்தி, அந்தத் தயிர்வடைக்கே முதல் பரிசு கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாவது தட்டிலிருந்து பதினான்கு வரை நான் தொடவே இல்லை. அந்த ஆறு பேருக்கும் நான் செய்தது பாவம்.

அக்கா, இதை உன்னிடம் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் கேட்டதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கஞ்சியே ரெண்டு ஸ்பூன் எறங்கல, உனக்கு இது ஒண்ணுதான் கொறச்சலா, கம்முனு படுய்யா" என்றேன். பதினோரு நாள் தூக்கமில்லை எனக்கு, எரிச்சலில் சொன்னது. அவர் சிரித்தார். பிறகு கம்முனு படுத்தார். அடுத்த நாள் நினைவு தப்பியது, அதற்கு அடுத்த நாள் எல்லாம் முடிந்தது. நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான். காக்கா வராததைப் பார்த்ததும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது, இவர் என்மேல் கோபமாகப் போயிருக்கிறார், என் கையால் போட்ட சோறு வேண்டாம் என்கிறார். நீ ஆசை ஆசை என்றாய், நான் உள்ளுக்குள் கோபம் கோபம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் நீ போ என்றதும் பேசாமல் பஸ் ஏறினேன்.

இனி முடியாது. எனக்கு வயிறு வேறு, மனசு வேறு, இரண்டும் கெட்டுவிட்டது. இனிமேல் ஏசி போட்ட ஓட்டல் வாசலை மிதிக்க மாட்டேன், திருவிழா என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி சுருங்கிவிட்டது. நான் வெறுங்கையோடு புதன்கிழமை வருகிறேன். வியாழக்கிழமை வழக்கமாக வைப்பதை வைப்போம். எடுத்தால் எடுக்கட்டும், எடுக்காவிட்டால் நான் சாகிறவரை அந்தக் கோபத்தைச் சுமந்துகொள்கிறேன். நீ எல்லார் முன்னாலும் என்னை ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். அதைக் கேட்கத்தான் இவ்வளவு எழுதினேன்.

செல்லியம்மன் உன் முழங்காலைக் காப்பாற்றட்டும். ஆடுகளுக்கு என் அன்பு. தெருவில் என்னைக் கேட்டவர்களுக்கு என் விசாரிப்பு, கேட்காமல் பேசுகிறவர்களுக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் தம்பி பெண்டாட்டி,
லோகு

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், ஒன்பது பக்கம், கை வரவில்லை. இதையும் அனு படிக்கட்டும். சத்தமாகப் படிக்கட்டும், தெருவே கேட்கட்டும்.

இன்று ஞாயிறு காலை, ஓட்டல் இல்லை அத்தை, வெறும் விவசாயிகள் சந்தைதான், உங்கள் நாத்தனாருக்குக் கொஞ்சம் கீரை வாங்கலாம் என்று கெஞ்சி மாப்பிள்ளை கூட்டிப்போனார். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் மதுராந்தகம், செய்யூர்ப் பக்கத்து விவசாயிகள் கொண்டுவந்து விற்கிறார்கள். முருங்கைக்கீரையைப் பூச்செண்டு மாதிரிக் கட்டி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு அம்மா பாயை விரித்து, சுண்டைக்காய் வற்றலும் வடகமும் வெயிலில் பரப்பி வைத்திருந்தாள். பாய்க்குப் பக்கத்தில் ஒரு குச்சி, குச்சியில் கறுப்பாக ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புத் துணியில் தைத்த காக்கா பொம்மை.

"இது இன்னாத்துக்குமா?" என்று கேட்டேன்.

"காக்கா வராம இருக்கத்தான். செத்த காக்கா தொங்குதுன்னு நெனச்சிக்கும். ஒண்ணு தொங்குனா போதும், அந்தத் தெருவுலயே ஒரு காக்கா எறங்காது."

நான் அந்த வடகத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன் அக்கா.

பதினாறாம் நாள் காரியத்தன்று நீ கருவாடு காயப்போடுகிற களத்தில் என்ன தொங்கியது? நம் மாடிச் சுவருக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி? எல்லாரும் காரியத்தில் இருப்பார்கள், கருவாட்டுக்குக் காவல் உட்கார ஆள் இல்லை என்று, டிரான்ஸ்பார்மரில் அடிபட்டு விழுந்த காக்காவை எடுத்துக் கழியில் கட்டித் தொங்கவிட்டது யார்? கட்டுவதற்கு நைலான் கயிறு என்னிடம்தானே கேட்டாய், நான் அழுதுகொண்டே தேடி எடுத்துக் கொடுத்தேனே! முப்பதாம் நாளும் அதேதானே தொங்கியது? அதற்கு அடியில் நின்றுகொண்டு குப்பமே தொண்டை கிழியக் கா கா என்று கத்தியிருக்கிறோம். கத்தியவர்களில் உன் குரல்தான் பெரிசு. ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வருஷா வருஷம் பார்க்கிறது, யார் கண்ணில் படும்?

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். இருக்கிறது. ஒன்றரை மாதம் என்னை மோமோ தின்ன வைத்தாய். ஆனால் சந்தை நடுவில், அந்த அம்மா தன் வடகத்துக்காகக் கத்திக்கொண்டிருக்கும்போதே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷீலா பயந்துபோய்த் தண்ணீர் தெளித்தாள். வடகத்தை முழுக்க மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார், நொறுங்கினதையும் சேர்த்து. உனக்கு நான்கு படி வருகிறது.

மேலே, இனி ஓட்டல் வாசலை மிதிக்க மாட்டேன் என்று எழுதியிருப்பதை நீ கேட்கவில்லை என்று வைத்துக்கொள். புதன்கிழமை வருகிறேன், வெள்ளிக்கிழமை திரும்புகிறேன். சனிக்கிழமை இறால் திருவிழா இருக்கிறது, ஜட்ஜாக வரச்சொல்லி அந்த மைக்குக்காரப் பெண் போன் செய்தாள், இந்தத் தடவை பதினான்கு தட்டும் தின்று பார்த்துத்தான் சொல்லுவேன் என்று ஒத்துக்கொண்டேன்.

அவர் கோபமாகவும் போகவில்லை, சோற்றை வேண்டாம் என்றும் சொல்லவில்லை அக்கா. இரண்டு தடவையும் வந்திருப்பார். வந்து, கழியில் தொங்குகிறதைப் பார்த்து, இது எங்க அக்கா வேலை, கிட்டப்போனா நம்மையும் கட்டித் தொங்கவிட்டுடுவா என்று அப்படியே திரும்பிப் போயிருப்பார். உயிரோடு இருக்கும்போதே உன்னைக் கண்டால் அவருக்குப் பயம். அதனால் வியாழக்கிழமை கழியை இறக்கி வைத்துவிட்டு, நீயும் கொஞ்சம் வீட்டுக்குள்ளேயே இரு. மனுஷன் நிம்மதியாக வந்து இரண்டு வாய் தின்றுவிட்டுப் போகட்டும்.